உடல் எடையும் பெண்களின் கருவளமும்

பெண்களின் கருவளம், அதாவது கருத்தரிக்கும் இயல்பு, அவர்களுடைய உடல் எடையுடனும், குறிப்பாக உடலில் சேமிக்கப்பட்டுள்ள கொழுப்பின் அளவுடனும் நெருங்கிய தொடர்பு உடையது. எடை மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் சூலகத்திலிருந்து (சினைப்பை) முட்டை வெளிப்படுவது தடைப்படலாம். இவ்விரு நிலைகளிலும் வெளியே தெரியும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே: மாதவிடாய் ஒழுங்கற்றுப் போதல் அல்லது நின்றுபோதல். ஆனால் உடலினுள் நடப்பவை வெவ்வேறானவை.

உலக நலவாழ்வு அமைப்பு 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் வயது வந்தோரில் சுமார் 17.5% பேர், அதாவது ஆறில் ஒருவர், வாழ்நாளில் ஒருமுறையேனும் கருவளமின்மையை எதிர்கொள்கின்றனர். இதற்கான காரணங்களில் ஆண்களின் பங்கும் கணிசமானது. பெண்ணின் எடை என்பது பல காரணிகளுள் ஒன்று மட்டுமே. அதிக எடையுள்ள பெண்கள் பலர் எவ்விதச் சிகிச்சையும் இன்றிக் கருத்தரிக்கின்றனர். குறைந்த எடையுள்ளவர்களும் அவ்வாறே.

அளவிடும் முறை

எடையை மட்டும் தனித்து நோக்குவதில் பொருளில்லை என்பதால், உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் உடல் திணிவுச் சுட்டெண் பயன்படுத்தப்படுகிறது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் இது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோகிராம் எடையும் உடைய ஒருவரின் சுட்டெண் 64 ÷ 2.56 = 25. இச்சூத்திரத்தின் மூலம் பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடால்ப் கெட்டலே 19 ஆம் நூற்றாண்டில் செய்த ஆய்வுகளில் உள்ளது. இப்பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க உடலியங்கியலாளர் ஆன்செல் கீஸ் (1972).

உலக நலவாழ்வு அமைப்பின் வகைப்பாட்டில் 18.5 க்குக் கீழ் குறைந்த எடை, 18.5 முதல் 24.9 வரை இயல்பான எடை, 25 முதல் 29.9 வரை மிகை எடை, 30 உம் அதற்கு மேலும் உடற்பருமன். தெற்காசியர் உள்ளிட்ட ஆசிய மக்களில் இதைவிடக் குறைந்த சுட்டெண்ணிலேயே நீரிழிவு போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறுகள் தோன்றுவதால், 2004 இல் அவ்வமைப்பின் வல்லுநர் குழு 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எச்சரிக்கை நிலைகளாகப் பரிந்துரைத்தது.

இந்தச் சுட்டெண் தசைக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு காட்டாது. கொழுப்பு வயிற்றில் உள்ளதா, இடுப்பிலும் தொடையிலும் உள்ளதா என்பதையும் கூறாது. கருவளத்தைப் பொறுத்தவரை வயிற்றறைக் கொழுப்பே அதிகத் தொல்லை தருவது. எனவே சுட்டெண் ஒரு தோராயமான அளவுகோல் மட்டுமே. எனினும் அளப்பது எளிது என்பதால் ஏறத்தாழ எல்லா ஆய்வுகளும் இதையே பயன்படுத்துகின்றன.

வரலாறு

எடைக்கும் கருத்தரிப்புக்கும் உள்ள தொடர்பு மிகப் பழங்காலத்திலேயே கவனிக்கப்பட்டுள்ளது. இப்போகிரட்டீசின் பெயரில் வழங்கும் காற்று, நீர், இடங்கள் பற்றிய கிரேக்க நூல், சித்தியப் பெண்கள் பருமனாகவும் உழைப்பின்றியும் இருப்பதால் எளிதில் கருத்தரிப்பதில்லை என்றும், அவர்களுடைய அடிமைப் பெண்கள் மெலிந்து உழைப்பவர்களாதலால் விரைவில் கருத்தரிக்கின்றனர் என்றும் குறிப்பிடுகிறது. காரணம் பற்றிய அந்நூலின் விளக்கங்கள் இன்று ஏற்கத்தக்கவை அல்ல.

மறுமுனைக்கான சான்றுகள் பஞ்சங்களிலிருந்து கிடைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது லெனின்கிராடு முற்றுகையில் (1941-1944) பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றது. 1942 இன் பிற்பகுதியில் அந்நகரில் பிறப்புகள் மிகக் கடுமையாகச் சரிந்தன. நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் 1944-45 குளிர்காலத்தில் ஏற்பட்ட பஞ்சம் இன்னும் தெளிவான சான்று. அங்கு உணவுப் பங்கீடு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. பஞ்சம் தொடங்கிய, முடிந்த நாட்களும் பங்கீட்டின் அளவும் ஆவணங்களில் துல்லியமாக உள்ளன. பஞ்ச மாதங்களுக்குச் சரியாக ஒன்பது மாதங்கள் கழித்துப் பிறப்புகள் வெகுவாகக் குறைந்தன. 1945 மே மாதத்தில் நாடு விடுவிக்கப்பட்டு உணவு வந்ததும் கருத்தரிப்பு விரைவாக மீண்டது. உடலுழைப்புத் தொழிலாளர் குடும்பங்களில் இவ்வீழ்ச்சி அதிகமாகவும் வசதியான குடும்பங்களில் குறைவாகவும் இருந்தது.

இத்துறையில் முதல் முறையான கோட்பாட்டை முன்வைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் பிரிஷ். அவரும் ரோஜர் ரெவெலும் (புவி வெப்பமாதல் ஆய்வுகளில் அறியப்படும் அதே கடலியலாளர்) 1970 இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையில், சிறுமிகள் பூப்படைவது குறிப்பிட்ட வயதைவிடக் குறிப்பிட்ட எடையை எட்டுவதோடு தொடர்புடையது என்றனர். 1974 இல் பிரிஷும் ஜேனட் மக்கார்த்தரும் இதை மேலும் விரித்து, பூப்படைவதற்கு உடல் எடையில் சுமார் 17% கொழுப்பும், மாதவிடாய் ஒழுங்காகத் தொடர்வதற்குச் சுமார் 22% கொழுப்பும் தேவை என்றனர். மகப்பேறும் பாலூட்டலும் மிகுந்த ஆற்றலைக் கோருபவை. கையிருப்பு இல்லாதபோது உடல் அப்பணியைத் தொடங்குவதில்லை என்பதே இக்கருதுகோளின் சாரம். 1980 இல் 89 பாலே நடனப் பெண்களை ஆராய்ந்த பிரிஷ் குழுவினர், அவர்களில் பலருக்குப் பூப்பு தாமதமானதையும் மாதவிடாய் ஒழுங்கற்றிருந்ததையும் கண்டனர்.

பிரிஷின் கருதுகோள் கடுமையாக விமரிசிக்கப்பட்டது. அவர் கொழுப்பை நேரடியாக அளக்கவில்லை. உயரம், எடை ஆகியவற்றிலிருந்து கணித்தார். 22% க்குக் குறைவான கொழுப்புடன் ஒழுங்கான மாதவிடாய் உள்ள பெண்கள் பலர் உள்ளனர். மேலும், காயம்பட்டு ஓய்வெடுக்கும் நடனப் பெண்களுக்கு எடை அதிகம் மாறாமலேயே மாதவிடாய் திரும்புவதை மிஷேல் வாரன் 1980 இல் காட்டினார். இன்று அந்த இரு விழுக்காட்டு எண்களையும் இயற்கை விதி போல மேற்கோள் காட்டுவது சரியன்று. ஆனால் கொழுப்பிழையம் கருவளத்தைப் பற்றி மூளைக்கு ஏதோ சொல்கிறது என்ற அவருடைய அடிப்படை எண்ணம் பிற்காலத்தில் உறுதியானது.

இயங்குமுறை

மாதவிடாய்ச் சுழற்சியின் கட்டுப்பாடு மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் தொடங்குகிறது. இங்கிருந்து சுரக்கும் இனப்பெருக்க இயக்குநீர் (ஹார்மோன்) விடுவிப்பான் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது லூட்டினைசிங் இயக்குநீரையும் நுண்ணறை தூண்டும் இயக்குநீரையும் இரத்தத்தில் விடுகிறது. இவ்விரண்டும் சூலகத்தில் முட்டையை முதிரச் செய்து வெளிப்படுத்துகின்றன.

இங்கு கவனிக்கத்தக்கது, முதல் இயக்குநீர் தொடர்ச்சியாக அன்றித் துடிப்புகளாகச் சுரக்கிறது என்பதாகும். சுழற்சியின் முற்பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடங்களுக்கு ஒரு துடிப்பு. ரீசஸ் குரங்குகளில் எர்னஸ்ட் நோபில் குழுவினர் 1978 இல் செய்த சோதனையில், இவ்வியக்குநீரை மணிக்கொரு முறை செலுத்தியபோது பிட்யூட்டரி சரியாக இயங்கியது. இடைவிடாமல் செலுத்தியபோது அது அடங்கிப்போனது. தகவல், பொருளின் அளவில் மட்டுமன்றி அதன் அலைவெண்ணிலும் உள்ளது எனலாம். பட்டினியின்போது முதலில் குலைவது இத்துடிப்புகளே.

கொழுப்பிழையம் வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று, அது ஒரு நாளமில்லாச் சுரப்பியும் ஆகும் என்பது 1994 இல் தெளிவாயிற்று. அவ்வாண்டு ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற இயக்குநீரின் மரபணுவைக் கண்டறிந்தனர் (கிரேக்க மொழியில் லெப்டோஸ் என்றால் மெலிந்த என்று பொருள்). கொழுப்பு மிகுந்தால் லெப்டின் கூடும்; குறைந்தால் இறங்கும். லெப்டினை உருவாக்க இயலாத எலிகள் மிகப் பருமனாக இருப்பதோடு மலடாகவும் இருக்கும். அவற்றுக்கு லெப்டின் செலுத்தியபோது பெண் எலிகள் கருவளம் பெற்றன (1996). 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்த எடை அல்லது கடும் உடற்பயிற்சியால் மாதவிடாய் நின்றிருந்த எட்டுப் பெண்களுக்கு லெப்டின் ஊசி அளிக்கப்பட்டது. அவர்களுள் மூவருக்கு முட்டை வெளிப்பட்டது. எடையைக் கூட்டாமலேயே, கையிருப்பு உள்ளது என்ற செய்தியை மட்டும் மூளைக்கு அனுப்பியதால் இது நிகழ்ந்தது.

லெப்டினின் செய்தி இனப்பெருக்க நரம்பணுக்களை நேரடியாக அடைவதில்லை. இடையில் கிஸ்பெப்டின் என்ற புரதத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. இப்புரதத்தின் மரபணு 1996 இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில், புற்றுநோய் ஆய்வின்போது கண்டறியப்பட்டது. அந்நகரில் செய்யப்படும் கிஸ்ஸஸ் சாக்லேட்டை ஒட்டியே பெயர் வந்தது. கருவளத்தில் அதற்குள்ள பங்கு 2003 இல்தான் தெரியவந்தது.

குறைந்த எடை

உணவு குறைவதாலோ, உடற்பயிற்சி மிகுவதாலோ, மன அழுத்தத்தாலோ ஹைப்போதலாமஸ் அடங்கி மாதவிடாய் நிற்பது ஹைப்போதலாமஸ் சார் மாதவிடாயின்மை எனப்படும். பசியற்ற உளநோய் உள்ள பெண்களிடமும், நெடுந்தூர ஓட்டக்காரர், நடனக் கலைஞர், சீருடற்பயிற்சியாளர் ஆகியோரிடமும் இது அதிகம் காணப்படுகிறது.

இதில் எடையைவிட முதன்மையானது ஆற்றல் இருப்பு என்னும் அளவு. உண்ட உணவின் ஆற்றலிலிருந்து உடற்பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, எஞ்சியதைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுத்தால் இது கிடைக்கும். ஆன் லாக்ஸ் என்பவர் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கான மாதவிடாய் உள்ள பெண்களுக்கு ஐந்து நாட்கள் மட்டும் ஆற்றல் இருப்பைக் குறைத்துப் பார்த்தார். ஒரு கிலோகிராமுக்கு 45 கலோரியிலிருந்து 30 வரை இறக்கியபோது லூட்டினைசிங் இயக்குநீரின் துடிப்புகள் குலையவில்லை. 30 க்கும் கீழே சென்றதும் குலைந்தன. கொழுப்பு நீங்கிய எடை 42 கிலோகிராம் உடைய ஒரு பெண்ணுக்கு இது, உடற்பயிற்சி போக நாளொன்றுக்கு 1,260 கலோரி என்றாகும். பிற்கால ஆய்வுகள் இவ்வெல்லை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை எனக் காட்டியுள்ளன. எனினும், தோற்றத்தில் மெலிவு இல்லாத, சுட்டெண் இயல்பாக உள்ள பெண்களுக்கும் மாதவிடாய் நிற்பது ஏன் என்பதை இது விளக்குகிறது.

நோயற்ற உழவர் சமூகங்களிலும் இவ்விளைவு மென்மையாகத் தெரிகிறது. மத்திய ஆப்பிரிக்காவின் இத்தூரி காட்டுப் பகுதியில் வாழும் லேசே பெண்களின் உமிழ்நீரில் உள்ள புரோஜெஸ்ட்டிரோன் அளவை ஆராய்ந்த பீட்டர் எலிசன், அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் எடை குறையும்போது சூலகச் செயற்பாடும் குறைவதைக் கண்டார்.

மாதவிடாய் நீண்ட காலம் நிற்பதால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு அடர்த்தியும் இழக்கப்படுகிறது; இளம் வயதில் இழந்தது முழுமையாக மீள்வதில்லை. சிகிச்சையின் அடிப்படை உணவைக் கூட்டுவதும் பயிற்சியைக் குறைப்பதுமே. கருத்தடை மாத்திரையால் வரும் மாதாந்திர இரத்தப்போக்கைக் கண்டு கோளாறு நீங்கியதாகக் கொள்வது தவறு. மறுபுறம், மாதவிடாய் இல்லை என்பதால் கருத்தரிக்க வாய்ப்பே இல்லை என எண்ணுவதும் தவறு. உடல் மீளும்போது முதல் இரத்தப்போக்குக்கு முன்னரே முட்டை வெளிப்படும். அவ்வாறு எதிர்பாராமல் கருவுறுவது உண்டு.

மிகை எடை

மிகை எடையில் தொடக்கப் புள்ளி பெரும்பாலும் இன்சுலின் ஆகும். கொழுப்பு, குறிப்பாக வயிற்றறைக் கொழுப்பு, மிகும்போது உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. ஈடுசெய்யக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு இணங்காதபோதும் சூலகம் இணங்குகிறது என்பதே சிக்கல். மிகுந்த இன்சுலின் சூலகத்தை அதிக ஆண்ட்ரோஜன்களை (ஆணின இயக்குநீர்கள்) உருவாக்கத் தூண்டுகிறது. அதே வேளையில், அவற்றைப் பற்றிவைக்கும் புரதம் கல்லீரலில் உருவாவதைக் குறைக்கிறது. கட்டற்ற ஆண்ட்ரோஜன் இவ்வாறு இருவழியிலும் கூடுகிறது. கொழுப்பிழையத்தில் உள்ள அரோமட்டேஸ் நொதி அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிச் சுழற்சியின் பின்னூட்டத்தையும் குழப்புகிறது. விளைவாக நுண்ணறைகள் பாதி வளர்ந்து நின்றுவிடுகின்றன.

இந்நிலை மிகத் தெளிவாகக் காணப்படுவது பல்பை சூலக நோய்க்குறியில். மக்கள் பேச்சில் இது நீர்க்கட்டி எனப்படுகிறது. உண்மையில் அவை கட்டிகள் அல்ல, முதிராமல் நின்ற நுண்ணறைகளே. 1935 இல் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் ஆகியோர் ஏழு பெண்களிடம் இதை விவரித்தனர். 2023 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி, இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13% பேருக்கு இது இருப்பதாகக் கூறுகிறது. மெலிந்த பெண்களுக்கும் இது வரும். எடை கூடுவது இந்நோய்க்குறியைத் தூண்டிக் கடுமையாக்குகிறது.

அமெரிக்கச் செவிலியர் நலவாழ்வு ஆய்வின் இரண்டாம் கட்டத்தை வைத்து ஜேனட் ரிச்-எட்வர்ட்ஸ் 2002 இல் வெளியிட்ட ஆய்வு அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. எடைக்கும், முட்டை வெளிப்படாமையால் வரும் கருவளமின்மைக்கும் உள்ள தொடர்பு வரைபடத்தில் ஆங்கில 'யு' எழுத்து வடிவில், இரு முனைகளிலும் உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் இவ்வகைக் கருவளமின்மையில் 12% குறைந்த எடையாலும் (சுட்டெண் 20 க்குக் கீழ்), 25% மிகை எடையாலும் (25 உம் அதற்கு மேலும்) நேர்வதாக இருக்கலாம் என அது மதிப்பிட்டது.

முட்டை ஒழுங்காக வெளிப்படும் பெண்களுக்கும் மிகை எடையின் தாக்கம் உண்டு. நெதர்லாந்தில் கருத்தரிப்பு தாமதமான 3,029 இணையரை ஆராய்ந்த 2008 ஆம் ஆண்டு ஆய்வில், சுட்டெண் 29 ஐத் தாண்டிய பின் ஒவ்வோர் அலகு கூடும்போதும் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 4% குறைந்தது. முட்டையின் தரம் குறைகிறதா, கருப்பையின் உட்சுவர் ஏற்கும் திறன் குறைகிறதா என்பது விவாதத்துக்குரியது. ஸ்பெயினில் கொடை முட்டை பெற்ற பெண்களின் 9,587 சுழற்சிகளை ஆராய்ந்த 2013 ஆம் ஆண்டு ஆய்வில், பருமனான பெண்களிடம் கரு பதிவது குறைவாக இருந்தது. முட்டை வேறொருவருடையது என்பதால் இது கருப்பையைச் சுட்டுகிறது. ஆயினும் இதே வகையான பிற ஆய்வுகள் எல்லாம் இம்முடிவைத் தரவில்லை. உடற்பருமன் உள்ளோரிடம் கருச்சிதைவு, கருக்கால நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவையும் அதிகம்.

எடை குறைப்பின் பயன்

மிகை எடை கருவளத்தைக் குறைக்கிறது என்பதிலிருந்து, எடையைக் குறைத்தால் குழந்தை பிறக்கும் என்பது தானாகப் பெறப்படுவதில்லை. இந்த வேறுபாடு பொதுப் பேச்சிலும் மருத்துவ அறிவுரைகளிலும் பல வேளைகளில் மறக்கப்படுகிறது.

தொடக்கக்கால முடிவுகள் மிகுந்த நம்பிக்கை அளித்தன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஆறு மாதக் குழுத் திட்டத்தை முடித்த 67 பெண்கள் சராசரியாக 10.2 கிலோகிராம் எடை குறைந்தனர். அவர்களில் 60 பேருக்கு முட்டை வெளிப்படுவது மீண்டது, 52 பேர் கருவுற்றனர் (1998). ஆனால் இத்திட்டத்தில் பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. முடித்தவர்களும் இடையில் நின்றவர்களுமே ஒப்பிடப்பட்டனர். ஊக்கம் மிக்கவர்களே கடைசி வரை நின்றிருப்பர்.

குலுக்கல் முறை ஆய்வுகள் வேறு சித்திரத்தைத் தந்தன. நெதர்லாந்தில் சுட்டெண் 29 உம் அதற்கு மேலும் உள்ள 577 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆறு மாத வாழ்க்கைமுறைத் திட்டத்துக்குப் பின்னரும், மறுபாதியினருக்கு உடனடியாகவும் கருவளச் சிகிச்சை அளிக்கப்பட்டது (2016). நிறைமாதத்தில் இயல்பான பிரசவத்தில் நலமான ஒற்றைக் குழந்தை பெற்றோர் முதல் குழுவில் 27.1%; இரண்டாம் குழுவில் 35.2%. அதாவது காத்திருந்தவர்களுக்கே பயன் குறைந்தது. அதே வேளையில், முதல் குழுவில் சிகிச்சையின்றி இயற்கையாகக் கருத்தரித்தோர் அதிகமாக இருந்தனர். சோதனைக் குழாய்க் கருத்தரிப்புக்கு முன் கடும் உணவுக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த 2017 ஆம் ஆண்டு ஸ்வீடன் ஆய்விலும் குழந்தைப் பேறு 29.6%, 27.5% என ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. காரணம் தெரியாத கருவளமின்மை உள்ள 379 பருமனான பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2022 இல் வெளியான ஆய்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால், முட்டை வெளிப்படாத பெண்களுக்கு எடை குறைப்பு, குறைந்த அளவே ஆயினும், உதவக்கூடும் என்றும், முட்டை வெளிப்படும் பெண்களுக்கு எடைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதால் குழந்தைப் பேறு கூடுவதாகச் சான்று இல்லை என்றும் கொள்ளலாம். எடை குறைக்காமலும் சிகிச்சைகள் பயன் தருகின்றன. பல்பை சூலக நோய்க்குறி உள்ள 750 பெண்களை ஆராய்ந்த 2014 ஆம் ஆண்டு ஆய்வில், லெட்ரோசோல் மருந்து பெற்றோரில் 27.5% பேரும், பழைய மருந்தான குளோமிபீன் பெற்றோரில் 19.1% பேரும் குழந்தை பெற்றனர்.

சிகிச்சைக்கான எடை வரம்பு

பல நாடுகளில் அரசுச் செலவிலான கருவளச் சிகிச்சைக்குச் சுட்டெண் வரம்பு உண்டு. நியூசிலாந்தில் பெண்ணின் சுட்டெண் 32 க்கு மேல் இருந்தால் அரசு நிதி கிடைப்பதில்லை. இங்கிலாந்தின் பல பகுதிகளில் வரம்பு 30 ஆக உள்ளது. வரம்பை ஆதரிப்போர் பேறுகால ஆபத்துகளையும், மயக்க மருந்தின் இடர்களையும், வெற்றி விகிதத்தையும் சுட்டுகின்றனர். பருமனான பெண்களிடம் சோதனைக் குழாய் முறையில் குழந்தைப் பேறு சுமார் 15% குறைவு என 2019 இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. இது ஒப்பீட்டளவிலான குறைவு. எதிர்ப்போர் கேட்பது, வயதினால் வரும் குறைவு இதைவிடப் பெரிதல்லவா என்பதே. 35 வயதைக் கடந்த ஒரு பெண் எடை குறைக்க ஓராண்டு காத்திருந்தால், எடையில் ஈட்டியதை வயதில் இழக்கக்கூடும். நியூசிலாந்தில் இவ்வரம்பு மாவோரி, பசிபிக் தீவினப் பெண்களையே அதிகம் விலக்குகிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு.

இந்தியாவில்

இந்தியாவில் இரு முனைகளும் ஒருங்கே காணப்படுகின்றன. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயதுப் பெண்களில் 18.7% பேர் குறைந்த எடையிலும், 24% பேர் சுட்டெண் 25 உம் அதற்கு மேலும் இருந்தனர். தமிழ்நாட்டில் இவை முறையே 12.6%, 40.4%. நான்காம் ஆய்வில் (2015-16) தமிழ்நாட்டின் மிகை எடை அளவு 30.9% ஆக இருந்தது.

அறுவை சிகிச்சையும் புதிய மருந்துகளும்

இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் எடை விரைவாகக் குறைந்து, மாதவிடாய் ஒழுங்குபடுவது பரவலாகக் காணப்படுகிறது. எடை வேகமாகக் குறையும் காலத்தில் ஊட்டச்சத்துக் குறைபாடு ஏற்படும் என்பதால், 12 முதல் 24 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தப்படுகிறது. சிறுகுடலின் ஒரு பகுதியைத் தவிர்க்கும் அறுவை முறைகளில் கருத்தடை மாத்திரை சரிவர உறிஞ்சப்படாமல் போகலாம்.

செமாகுளூட்டைடு, டிர்செபடைடு போன்ற ஊசி மருந்துகள் பரவிய பின், எதிர்பாராமல் கருவுற்ற பெண்கள் பற்றிய செய்திகள் வந்தன. அக்குழந்தைகளுக்கு ஊடகங்கள் மருந்தின் வணிகப் பெயரையே சூட்டி 'ஓசெம்பிக் குழந்தைகள்' என்றன. எடை குறைந்து முட்டை வெளிப்படுவது மீண்டதும், இரைப்பை மெதுவாகக் காலியாவதால் மாத்திரையின் உறிஞ்சல் பாதிக்கப்படுவதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இவற்றைக் கருக்காலத்தில் பயன்படுத்தலாகாது. செமாகுளூட்டைடைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு பெறும் பெண்கள், மருந்தைத் தொடங்கிய பின் நான்கு வாரங்களும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரங்களும் கருத்தடை மாத்திரையோடு ஆணுறை போன்ற வேறொரு முறையையும் பின்பற்றுமாறு பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025 இல் அறிவுறுத்தியது.